பெரிய கிளப்கள் இல்லாத இறுதிப் போட்டி: போர்ட்ஸ்மத், கார்டிஃப், 2008

2008 மே மாதத்தில் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு இறுதிப் போட்டிகள் நடந்தன. மே 21 அன்று மாஸ்கோவில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பைக்காக மோதியவை மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும். இரண்டுமே இங்கிலாந்து கிளப்கள். அந்த ஆண்டு அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளில் மூன்று இங்கிலாந்தைச் சேர்ந்தவை. ஐரோப்பியக் கால்பந்தை இங்கிலாந்தின் பணம் ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதற்கு நான்கு நாள் முன்பு, மே 17 அன்று, லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இங்கிலாந்தின் மிகப் பழைய கோப்பையான எஃப்.ஏ. கோப்பைக்கு இறுதி ஆட்டம். 89,874 பேர் உட்கார்ந்திருந்தார்கள். களத்தில் இருந்தவை போர்ட்ஸ்மத்தும் கார்டிஃப் சிட்டியும்.

சீசன் தொடக்கத்தில் இந்த இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். போர்ட்ஸ்மத் அந்த சீசனை பிரீமியர் லீகில் எட்டாம் இடத்தில் முடித்த அணி. கார்டிஃப், அதற்கு அடுத்த நிலையான சாம்பியன்ஷிப்பில் 12-ஆம் இடம். 1996 முதல் 2007 வரை பன்னிரண்டு ஆண்டுகளும் இந்தக் கோப்பை மான்செஸ்டர் யுனைடெட், ஆர்சனல், செல்சி, லிவர்பூல் என்ற நான்கு கிளப்களைத் தாண்டி வெளியே போகவே இல்லை. அப்படிப்பட்ட கோப்பையின் இறுதிப் போட்டிக்கு அந்த நான்கில் ஒன்றுகூட வரவில்லை.

இதை அதிசயம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பலரும் அப்படித்தான் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த இறுதிப் போட்டி அமைந்ததற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. கோப்பையை வென்ற கிளப் இரண்டே ஆண்டில் கடனில் மூழ்கியதற்கும் காரணங்கள் உண்டு. இரண்டும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

குலுக்கல் என்ன செய்யும்

எஃப்.ஏ. கோப்பை 1871-72 சீசனில் தொடங்கியது. அதன் அடிப்படை விதி இன்றும் பெரிதாக மாறவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாகக் குலுக்கல் நடக்கும். பெரிய அணி, சின்ன அணி என்று பிரித்துவைக்கும் தரவரிசை கிடையாது. எந்த அணியின் பெயர் முதலில் வருகிறதோ அதன் மைதானத்தில் ஆட்டம். தோற்றால் வெளியே, அவ்வளவுதான். மேல் இரண்டு நிலைகளில் உள்ள கிளப்கள் ஜனவரியில், மூன்றாம் சுற்றில்தான் உள்ளே வரும். அதற்குள் நூற்றுக்கணக்கான சிறு கிளப்கள் ஆடி முடித்திருக்கும்.

அந்த ஜனவரியில் கார்டிஃபுக்கு விழுந்த எதிரணி சேஸ்டவுன். எட்டாம் நிலை லீகில் ஆடிய, பழைய நிலக்கரிச் சுரங்கப் பகுதியைச் சேர்ந்த கிளப். அவ்வளவு கீழிருந்து மூன்றாம் சுற்று வரை அதற்கு முன் யாரும் வந்ததில்லை. ஆட்டத்தில் முதல் கோல் கார்டிஃபின் சொந்த கோல். அப்புறம் சுதாரித்துக்கொண்டு 3-1 என்று வென்றார்கள். அதில் ஒரு கோல் அடித்தவர் 17 வயது ஆரன் ராம்சே. அடுத்து ஹெர்ஃபோர்ட், வுல்வ்ஸ் என்று கார்டிஃப் ஒவ்வொரு படியாக ஏறியது.

மேலே பெரிய கிளப்கள் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்தன. பிப்ரவரி 16 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஆர்சனலை யுனைடெட் 4-0 என்று நசுக்கியது. தரவரிசை இல்லாத குலுக்கலின் முதல் விளைவு இது: பெரிய அணிகள் இறுதி வரை காத்திருக்காமல் ஐந்தாம் சுற்றிலேயே மோதிக்கொள்ளும். அதே நாளில் லிவர்பூல் தன் சொந்த ஆன்ஃபீல்டில் சாம்பியன்ஷிப் அணியான பார்ன்ஸ்லியிடம் 2-1 என்று தோற்றது. இஞ்சுரி டைமில் பிரையன் ஹோவர்ட் அடித்த கோல். மூன்று நாள் கழித்து லிவர்பூலுக்கு சாம்பியன்ஸ் லீகில் இன்டர் மிலானுடன் ஆட்டம் இருந்தது. வழக்கமான கோல்கீப்பர் பெப்பே ரெய்னா அன்று கோலில் நிற்கவில்லை. பார்ன்ஸ்லியின் கோல் கம்பத்துக்கு முன்னால் நின்ற லூக் ஸ்டீல் அந்த வாரம்தான் வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக, லோனில் வந்து சேர்ந்தவர். பந்துக்கு மேல் பந்தாகத் தடுத்தார்.

எல்லாவற்றையும் புரட்டிப்போட்ட நாள் மார்ச் 8, காலிறுதி. அன்று மதியம் ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட், போர்ட்ஸ்மத்தைச் சந்தித்தது. ரூனி, ரொனால்டோ எல்லோரும் களத்தில்தான். யுனைடெட் பக்கத்தில் சோம்பல் எதுவும் இல்லை. போர்ட்ஸ்மத் தன் கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பெட்டிக்குள்ளேயே அடைந்துகிடந்து தாங்கிக்கொண்டிருந்தது. இடைவேளையில் யுனைடெட்டின் கோல்கீப்பர் வான் டெர் சார் காயத்தால் வெளியேறினார், பதிலுக்கு டோமாஷ் குஷ்ச்சாக் வந்தார். ஆட்டம் முடியச் சுமார் கால் மணி நேரம் இருக்கும்போது போர்ட்ஸ்மத் ஒரே ஒரு எதிர்த்தாக்குதலில் முன்னே பாய, மிலன் பாரோஷை குஷ்ச்சாக் வீழ்த்தினார். பெனால்டி, கூடவே சிவப்பு அட்டை. யுனைடெட் மாற்று ஆட்டக்காரர்கள் அனைவரையும் ஏற்கெனவே இறக்கிவிட்டது. டிஃபெண்டர் ரியோ ஃபெர்டினாண்ட் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். சல்லி முன்டாரி பெனால்டியை உள்ளே அடித்தார். 1-0.

அன்று மாலையே பார்ன்ஸ்லி தன் ஓக்வெல் மைதானத்தில் செல்சியை 1-0 என்று அனுப்பிவைத்தது. கயோடே ஒடெஜாயி தலையால் முட்டிய கோல். மாஸ்கோ இறுதிப் போட்டிக்குப் போகவிருந்த இரண்டு அணிகளும் ஒரே நாளில் உள்ளூர்க் கோப்பையிலிருந்து வெளியேறின. மறுநாள் கார்டிஃப், பிரீமியர் லீக் அணியான மிடில்ஸ்பரோவை அதன் மைதானத்திலேயே 2-0 என்று வென்றது. அரையிறுதியில் மிஞ்சிய நான்கு: போர்ட்ஸ்மத், கார்டிஃப், பார்ன்ஸ்லி, வெஸ்ட் பிராம். முதல் நிலை அணி ஒன்றே ஒன்று. அரையிறுதி இப்படி அமைந்தது 1908-க்குப் பிறகு அப்போதுதான்.

ஏன் அந்த ஆண்டு

ஒற்றை ஆட்டத்தில் எது வேண்டுமானாலும் நடக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எல்லா ஆண்டுக்கும் பொருந்தும். 2008-இல் மட்டும் நான்கும் ஏன் விழுந்தன?

ஒன்று, நான்கு கிளப்களும் சாம்பியன்ஸ் லீகில் ஆழமாக இறங்கியிருந்தன. மார்ச் 4 அன்று யுனைடெட்டுக்கு லியோனுடன் ஆட்டம், மார்ச் 5 அன்று செல்சிக்கு ஒலிம்பியாகோஸுடன் ஆட்டம், மார்ச் 8 அன்று கோப்பைக் காலிறுதி. உடல் களைப்பு ஒருபுறம் இருக்கட்டும். மனசு எங்கே இருந்தது என்பதுதான் முக்கியம். சாம்பியன்ஸ் லீகில் ஒரு சுற்று தாண்டினால் கிடைக்கும் வருமானத்துக்குப் பக்கத்தில் எஃப்.ஏ. கோப்பைப் பரிசுத் தொகை ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, இதைவிட நுட்பமானது. பிரீமியர் லீகின் நடுத்தர கிளப்கள் பெரும்பாலும் கோப்பையைக் கைகழுவிவிடும். லீகில் கடைசி இடங்களில் முடித்துக் கீழ் நிலைக்கு இறங்கிவிட்டால் தொலைக்காட்சிப் பணம் பறிபோகும் என்ற பயத்தில், கோப்பை ஆட்டத்துக்கு இரண்டாம் தர அணியை அனுப்புவார்கள். போர்ட்ஸ்மத்துக்கு அந்த சீசனில் அந்தப் பயம் இல்லை. இறங்கும் ஆபத்தும் இல்லை, பட்டம் வெல்லும் வாய்ப்பும் இல்லை. கோப்பையை முழுமனதோடு துரத்த அதைவிடத் தோதான இடம் கிடையாது. மேலாளர் ஹாரி ரெட்நாப் அதைப் புரிந்துகொண்டு தன் சிறந்த அணியையே இறக்கினார்.

போர்ட்ஸ்மத் போன வழியையும் பாருங்கள். இப்ஸ்விச்சை 1-0, பிளிமத்தை 2-1, பிரஸ்டனை 1-0, யுனைடெட்டை 1-0, அரையிறுதியில் வெஸ்ட் பிராமை 1-0. இறுதிப் போட்டியையும் சேர்த்தால் ஆறு ஆட்டத்தில் ஏழு கோல் அடித்து, ஒரே ஒரு கோல் வாங்கியது. கண்ணுக்கு விருந்தான ஆட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோல் கேம்பெல், சில்வான் டிஸ்டான் இருவரும் நடுவில் நிற்க, முன்னால் லசானா டியாரா பந்தைப் பறித்துக்கொண்டே இருக்க, பின்னால் 37 வயது டேவிட் ஜேம்ஸ் காத்த அந்தத் தடுப்பு அரண் எந்தப் பெரிய கிளப்பிலும் இடம்பிடித்திருக்கும். அந்த அரணின் விலை என்ன என்பதுதான் பின்னால் வந்த கேள்வி.

1927, 1939

இரண்டு கிளப்களும் அடையாளம் தெரியாதவை அல்ல. மறக்கப்பட்டவை என்று சொல்வதே சரி.

கார்டிஃப் 1927-இல் ஆர்சனலை 1-0 என்று வென்று கோப்பையை வேல்ஸுக்குக் கொண்டுபோனது. எஃப்.ஏ. கோப்பை இங்கிலாந்தை விட்டு வெளியே போனது அந்த ஒரே முறைதான், இன்று வரை. ஹியூகி ஃபெர்குசன் அடித்த பந்து அப்படியொன்றும் பலமாகப் போகவில்லை. ஆர்சனல் கோல்கீப்பர் டான் லூயிஸ் பிடித்தார், பந்து கைக்குள்ளிருந்து வழுக்கி அவர் முழங்கையைத் தாண்டிக் கோலுக்குள் உருண்டது. லூயிஸும் ஒரு வேல்ஸ்காரர். புது ஜெர்சியின் வழவழப்புதான் காரணம் என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது.

போர்ட்ஸ்மத் 1939 ஏப்ரலில், எல்லோரும் வெல்லும் என்று எதிர்பார்த்த வுல்வ்ஸை 4-1 என்று தோற்கடித்தது. செப்டம்பரில் உலகப் போர் வெடித்தது. போட்டியே நிறுத்தப்பட்டது. அடுத்த இறுதிப் போட்டி 1946-இல்தான் நடந்தது. கடற்படைத் துறைமுக நகரமான போர்ட்ஸ்மத் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஆண்டுகள் முழுக்க கோப்பை அந்த நகரத்துக்கே சொந்தம். எந்த கிளப்பும் தொடர்ந்து அவ்வளவு காலம் அதை வைத்திருந்ததில்லை.

ஆக ஒரு பக்கம் 81 ஆண்டுக் காத்திருப்பு, மறுபக்கம் 69 ஆண்டுக் காத்திருப்பு.

கார்டிஃப் வென்றால் என்ன ஆகும் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. கார்டிஃப், ஸ்வான்சி போன்ற வேல்ஸ் கிளப்கள் நெடுங்காலமாக இங்கிலாந்து லீகில்தான் ஆடுகின்றன. வேல்ஸுக்கென்று தேசிய லீக் 1992-இல்தான் வந்தது. முன்பு இந்த கிளப்கள் வேல்ஸ் கோப்பையை வென்று அதன் வழியாக ஐரோப்பியப் போட்டிகளுக்குப் போகும். 1968-இல் கார்டிஃப், அந்தந்த நாட்டுக் கோப்பையை வென்றவர்களுக்கான ஐரோப்பியப் போட்டியில் அரையிறுதி வரை போயிருக்கிறது. 1990-களின் நடுவில் அந்தக் கதவு மூடப்பட்டது. இப்போது எஃப்.ஏ. கோப்பையை வென்றால், வென்றவருக்கு உரிய யூஇஎஃப்ஏ கோப்பை (சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டி) இடம் வேல்ஸ் கிளப்புக்குக் கிடைக்குமா? முதலில் இல்லை என்றுதான் பேச்சு வந்தது. அரையிறுதி முடிந்ததும் எதிர்ப்பு கிளம்ப, இங்கிலாந்துக் கால்பந்து சங்கம் இறங்கிவந்து, வென்றால் போகலாம் என்றது. விளையாடி ஜெயித்ததை ஒரு எல்லைக்கோட்டைக் காட்டிப் பறிப்பது நியாயமே இல்லை, அந்தத் திருத்தம் வந்தே ஆக வேண்டியது. இறுதிப் போட்டி அன்று வெம்ப்லியில் இங்கிலாந்து கீதத்தோடு வேல்ஸ் கீதமும் பாடப்பட்டது.

37-ஆம் நிமிடம்

ஆட்டத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. தொடக்கத்தில் கார்டிஃப் நன்றாகவே ஆடியது. பால் பாரிக்கு ஒரு வாய்ப்பு வந்தது, ஜேம்ஸ் தடுத்தார். அப்புறம் போர்ட்ஸ்மத்தின் கனு, கோல்கீப்பரையும் தாண்டிப் போய், திறந்த கோலுக்கு முன்னால் பந்தைக் கம்பத்தில் அடித்தார்.

37-ஆம் நிமிடத்தில் வலப்பக்கத்திலிருந்து ஜான் உடாகா தாழ்வாக ஒரு பந்தைக் குறுக்கே அனுப்பினார். கார்டிஃப் கோல்கீப்பர் பீட்டர் என்கெல்மன் எட்டிப் பிடிக்கப் போனார். பந்து கையில் பட்டு நழுவி, கனுவின் காலடிக்கு வந்தது. தட்டிவிட்டால் போதும். தட்டிவிட்டார். இடைவேளைக்குச் சற்று முன் கிளென் லூவன்ஸ், ஜேம்ஸின் தலைக்கு மேலே பந்தை வளைத்து வலைக்குள் போட்டார். ஆனால் பந்து கையில் பட்டது என்று நடுவர் மைக் டீன் கோலை மறுத்தார். இரண்டாம் பாதியில் ராம்சே இறங்கினார், கார்டிஃப் முட்டிப் பார்த்தது. ஸ்கோர் மாறவில்லை.

1927-இல் கார்டிஃபுக்குக் கோப்பையைக் கொடுத்தது ஒரு கோல்கீப்பரின் நழுவல். 2008-இல் அதைப் பறித்ததும் அதுவே. எதிர்க் கோலில் நின்ற டேவிட் ஜேம்ஸுக்கு என்கெல்மனின் மனநிலை யாரையும்விட நன்றாகத் தெரிந்திருக்கும். 1996 இறுதிப் போட்டியில் லிவர்பூலுக்காக ஆடியபோது அவர் குத்தித் தள்ளிய பந்துதான் கன்டோனாவிடம் போய் ஒரே கோலாக மாறியது. 2000-இல் ஆஸ்டன் வில்லாவுக்காக ஆடியபோது அவர் கையிலிருந்து நழுவிய பந்தை செல்சியின் டி மாட்டியோ உள்ளே அடித்தார், அதுவும் ஒரே கோல். மூன்றாவது முயற்சியில், 37 வயதில் கோப்பையைத் தொட்டார்.

கனுவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1996-இல் ஒலிம்பிக் தங்கம் வென்ற கையோடு அவருடைய இதய வால்வில் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபடி ஆட வந்தவர், தன் பெயரில் இதய நோயாளிகளுக்கான அறக்கட்டளையும் தொடங்கினார். 2008 கோப்பையில் அவர் அடித்தது மொத்தமே இரண்டு கோல்: ஒன்று அரையிறுதியில், ஒன்று இறுதியில். இரண்டும் 1-0 ஆட்டங்கள்.

கடனில் வாங்கிய அணி

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம். போர்ட்ஸ்மத்தின் ஃப்ராட்டன் பார்க் மைதானத்தில் சுமார் 20,000 பேர் உட்காரலாம். ஓல்ட் டிராஃபோர்டில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். டிக்கெட் வருமானத்தை வைத்துப் பார்த்தால் சோல் கேம்பெல்லுக்கும் முன்டாரிக்கும் டியாராவுக்கும் சம்பளம் கொடுக்கும் வசதி அந்த கிளப்புக்கு இல்லை. 2006-இல் உரிமையாளராக உள்ளே வந்த அலெக்சாண்டர் கைடமாக்கின் பணமும், அவர் பெயரை நம்பி வங்கிகள் கொடுத்த கடனும்தான் அணியை நிறுத்தியது. பலமில்லாத கிளப் என்று வெளியே பெயர், உள்ளே பெரிய கிளப்பின் சம்பளப் பட்டியல். இறுதிப் போட்டி பற்றிய பெரும்பாலான கட்டுரைகளில் இந்த முரண்பாடு அடிபட்டுப் போகிறது.

2008 இலையுதிர்காலத்தில் உலக நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் கடனைத் திருப்பிக் கேட்டன. ரெட்நாப் அக்டோபர் இறுதியில் டாட்டன்ஹாமுக்குப் போய்விட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, முன்பே முடிவானபடி, போர்ட்ஸ்மத் நகரம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. விழாவில் கூச்சலும் கேட்டது. நவம்பரில் யூஇஎஃப்ஏ கோப்பையில் அதே கிளப் ஏசி மிலானைத் தன் மைதானத்தில் 2-0 என்று முந்தியிருந்தது. ரொனால்டினோ ஒன்று, கடைசி நேரத்தில் இன்சாகி ஒன்று என்று அடித்து 2-2 ஆக்கினார்கள். ஃப்ராட்டன் பார்க் அதற்கு மேல் உயரம் கண்டதில்லை.

பிறகு விற்பனை. டியாரா ரியல் மாட்ரிட்டுக்கு, டீஃபோ டாட்டன்ஹாமுக்கு, கிளென் ஜான்சன் லிவர்பூலுக்கு. 2009-10 சீசனில் மட்டும் நான்கு உரிமையாளர்கள் மாறினார்கள். சம்பளம் தள்ளிப்போனது. 2010 பிப்ரவரியில், பிரீமியர் லீகில் இருக்கும்போதே திவால் நிர்வாகத்துக்குள் போன முதல் கிளப் என்ற பெயரை போர்ட்ஸ்மத் வாங்கியது. ஒன்பது புள்ளிகள் வெட்டப்பட்டன, கீழே இறங்கியது. நம்ப முடியாத விஷயம், அதே மே மாதம் மறுபடியும் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு வந்து செல்சியிடம் 1-0 என்று தோற்றது.

கடன் 10 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. யார் யாருக்குப் பாக்கி என்ற பட்டியல் வெளிவந்தபோது அதில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் பெயரும் இருந்தது. ஆட்ட நாள்களில் ரசிகர்களுக்கு முதலுதவி செய்யும் தொண்டு அமைப்பு. பாக்கி சுமார் 2,700 பவுண்டு. இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு. கிளப் திவாலானால் ஆட்டக்காரர்களுக்கும் மற்ற கிளப்களுக்கும் உள்ள பாக்கி முழுவதும் கட்டப்பட வேண்டும், மிஞ்சியதை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ஸ்ட்ரைக்கரின் சம்பள பாக்கி முழுசாகப் போய்ச் சேரும், முதலுதவிக்காரர்களின் பணம் பைசாக் கணக்கில் வரும். கோப்பையின் உண்மையான விலையைக் கட்டியவர்கள் இவர்கள்தான் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வராமல் இல்லை.

2012-இல் மறுபடி திவால், 2013-இல் நான்காம் நிலை லீக். ஐந்து ஆண்டுக்கு முன் வெம்ப்லியில் கோப்பையைத் தூக்கிய கிளப். அந்த 2013 ஏப்ரலில் ரசிகர்களே கிளப்பை வாங்கினார்கள். 2,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டார்கள். அவர்கள் கையில் இருந்தபோதே 2017-இல் நான்காம் நிலைப் பட்டத்தை வென்றது. அதற்குப் பிறகு அமெரிக்கரான மைக்கேல் ஐஸ்னரின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2024-இல் மூன்றாம் நிலைப் பட்டத்தையும் வென்று சாம்பியன்ஷிப்புக்குத் திரும்பியது.

அந்தக் கோப்பையைப் போர்ட்ஸ்மத் ரசிகர்கள் வேண்டாம் என்று சொல்வார்களா? இறுதிப் போட்டிக்கு மறுநாள் கடற்கரைத் திடலில் கூடிய கூட்டம் 2 லட்சம் வரை இருக்கும் என்று அப்போது சொன்னார்கள். அந்த மகிழ்ச்சியில் பொய் இல்லை. கணக்கில் தவறு செய்தவர்கள் வேறு, திடலில் நின்றவர்கள் வேறு. அந்த இரண்டாம் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான் பின்னாளில் கிளப்பைக் காப்பாற்றினார்கள்.

அதன்பின் சின்ன கிளப்கள் கோப்பையை வெல்லாமல் இல்லை. 2013-இல் விகன், 2021-இல் லெஸ்டர், 2025-இல் கிரிஸ்டல் பேலஸ். ஆனால் எதிரணியைப் பாருங்கள்: மான்செஸ்டர் சிட்டி, செல்சி, மறுபடி மான்செஸ்டர் சிட்டி. 2009 முதல் 2025 வரை நடந்த பதினேழு இறுதிப் போட்டிகளிலும் இரண்டு மான்செஸ்டர் அணிகள், ஆர்சனல், செல்சி, லிவர்பூல் ஆகிய ஐந்தில் ஒன்றாவது இருந்தது. பெரிய கிளப்களிடம் இப்போது ஒரே வாரத்தில் இரண்டு முழு அணிகளை இறக்கும் அளவுக்கு ஆள் இருக்கிறது. 2024-25 முதல், முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டமும் நீக்கப்பட்டுவிட்டது. பெரிய மைதானத்தில் டிரா செய்து, தன் ஊரில் இன்னொரு வாய்ப்பும் ஒரு நல்ல வசூலும் பார்க்கும் வழி சின்ன கிளப்புக்கு அடைபட்டது.

கார்டிஃப் அந்தத் தோல்விக்குப் பிறகு ராம்சேயை ஆர்சனலுக்கு விற்றது. 2009-இல் புது மைதானத்துக்குக் குடிபோனது. 2013-இலும் 2018-இலும் பிரீமியர் லீகுக்கு ஏறி, இரண்டு முறையும் ஒரே சீசனில் இறங்கியது. ராம்சே ஆர்சனலில் 2014, 2017 இறுதிப் போட்டிகளில் வெற்றி கோல் அடித்து, பிறகு கார்டிஃபுக்கே திரும்பிவந்தார். 2025 ஏப்ரலில், மூன்று ஆட்டம் மட்டுமே மிச்சமிருக்கும்போது, தற்காலிக மேலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. கார்டிஃப் அந்த மாதமே மூன்றாம் நிலைக்கு இறங்கியது. அதே சீசனில், அதே லீகில், போர்ட்ஸ்மத் தப்பித்துக்கொண்டது.